அந்த மூன்று நாற்காலிகளுக்கு யார் வருகிறார்கள்?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் கோவில்பட்டியைச் சேர்ந்தவள், வயது 28. பி.இ. ட்ரிபிள்-ஈ முடித்துவிட்டு திருநெல்வேலியில் ஒரு சோலார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2022 ஆகஸ்டில் மின் கட்டண உயர்வு பற்றி மதுரையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தபோது அப்பாவுடன் போயிருந்தேன். அப்பா சின்னதாக ஒரு தீப்பெட்டி யூனிட் வைத்திருக்கிறார். மேடையில் இருந்தவர்கள் விவசாயி, மில்காரர், வீட்டுக்காரர் என்று எல்லாரையும் பேசவிட்டுக் குறித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து, ஒருநாள் நானும் மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் உறுப்பினர் ஆக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அப்பாவோ, "அதெல்லாம் ரிட்டயர்டு ஆபீசர்களுக்குத்தாம்மா" என்கிறார். ஆபீசில் எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறார்கள், மாமா சட்டம் படிக்கச் சொல்கிறார். அந்த இடத்துக்கு வருகிறவர்களின் பின்னணி உண்மையில் என்ன? நான் எதைப் படிக்கலாம்?

— வாசகி, கோவில்பட்டி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இந்த ஆசையோடு ஒருவர் எழுதியிருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நானும் மின் பொறியியல் படித்துவிட்டு சட்டத்துக்கு வந்தவன். கட்டண வழக்குகளும் மின் கொள்முதல் தகராறுகளும்தான் என் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம். நடைமுறையைப் பார்த்தால் அவர் சொல்வது பெருமளவுக்குச் சரி. சட்டத்தைப் பார்த்தால் சரியல்ல. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 84ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். தலைவரும் உறுப்பினர்களும் திறமையும் நேர்மையும் மதிப்பும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், மேலாண்மை ஆகியவை சார்ந்த பிரச்சினைகளைக் கையாள்வதில் போதிய அறிவும் காட்டிய திறமையும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இன்ன பட்டம், இத்தனை வருட சர்வீஸ், இன்ன பதவி என்று எதுவும் கிடையாது. குறைந்தபட்ச வயதும் கிடையாது. மேல் வரம்பு மட்டும் உண்டு: 65 வயது.

ஒரு மாநில ஆணையத்தில் தலைவரையும் சேர்த்து மூன்று பேருக்கு மேல் இருக்க முடியாது. தேர்வுக் குழுவிலும் மூன்று பேர். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர் அதன் தலைவர். மாநிலத் தலைமைச் செயலாளர் ஒரு உறுப்பினர். மத்திய மின்சார ஆணையத்தின் தலைவர் அல்லது மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் இன்னொருவர். ஒவ்வொரு காலியிடத்துக்கும் இந்தக் குழு இரண்டு பெயர்களைக் கொடுக்கும், மாநில அரசு ஒருவரை நியமிக்கும். பெயர் கொடுப்பதற்கு முன், அந்த நபருக்கு இந்த வேலையைப் பாதிக்கக்கூடிய பண நலனோ வேறு நலனோ இல்லை என்று குழு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கும்போது, பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் மின்வாரியத்தின் மூத்த பொறியாளர்களும் மட்டுமே ஏன் உள்ளே வருகிறார்கள்? செல்வாக்குதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் சட்டத்தின் 89ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பதவிக் காலம் ஐந்து வருடம். அதே ஆணையத்தில் அதே பதவிக்கு மறுநியமனம் கிடையாது. பதவி முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மின்துறை சார்ந்த எந்த வணிக வேலைக்கும் போகக் கூடாது. தனியாக ஆலோசனைத் தொழில் நடத்துவதும் இதில் அடங்கும். இதற்கும் மேலாக, இந்தியாவின் எந்த மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன்னும் யாருக்காகவும் ஆஜராகக் கூடாது. அதற்கு இரண்டு வருடம் என்ற கணக்குகூட இல்லை.

45 வயதில் ஒருவர் உறுப்பினராகிறார் என்று வையுங்கள். 50 வயதில் வெளியே வருவார். தெரிந்த தொழில் இது ஒன்றுதான், அதன் வாசல்கள் எல்லாம் அடைத்திருக்கும். பிள்ளைகள் கல்லூரியில் இருப்பார்கள். யார் துணிவார்? 60 வயதில் ஓய்வூதியத்தோடு வருகிறவருக்கு இந்தத் தடைகள் ஒரு பொருட்டே அல்ல. ஐந்து வருடமும் 65 வயதும் அவருக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். தடைகள் தேவைதான். இன்று ஒரு நிறுவனத்துக்குக் கட்டணம் நிர்ணயித்தவர் நாளை அதன் சம்பளப் பட்டியலில் இருந்தால் யாரும் ஆணையத்தை நம்ப மாட்டார்கள். ஆனால், நடுவயதுக்காரர்கள் வந்து போவதற்கான வழியை யோசிக்காமலே இந்த விதிகளை எழுதிவிட்டார்கள் என்பது என் கருத்து. பேராசிரியர்களுக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது, அவர்கள் திரும்பவும் வகுப்பறைக்குப் போகலாம். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கான் அப்படி வந்தவர். கார்னெல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியரான அவர் 1974இல் நியூயார்க் மாநிலத்தில் மின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் பொதுச் சேவை ஆணையத்தின் தலைவரானார். மின்சாரத்துக்குத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு விலை, மற்ற நேரத்தில் ஒரு விலை என்ற கணக்கை அங்கே கொண்டுவரப் பாடுபட்டார். இந்தியாவிலும் மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் முதல் தலைவராக வந்த எஸ்.எல். ராவ் பொருளாதார ஆய்வு நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பிலிருந்து வந்தவர்தான். மாநிலங்களில் இந்த வழக்கம் வேர் பிடிக்கவில்லை.

அடுத்தது, மாமா சொன்ன சட்டப் படிப்பு. நீங்கள் மதுரையில் பார்த்த மேடையில் ஒரு இடம் காலி, கவனித்தீர்களா? சட்ட உறுப்பினரின் இடம் அது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மின்வாரியத்துக்கும் பிள்ளைப்பெருமாநல்லூர் மின் நிலையத்தை நடத்திய பிபிஎன் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு கருத்தைச் சொன்னது: ஆணையம் செய்வது பெருமளவுக்கு நீதிமன்ற வேலை, அதனால் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரை அல்லது இருந்தவரைத் தலைவராகப் போடுவது நல்லது என்று. அது கட்டாயமா, அரசின் விருப்பமா என்று அடுத்து வழக்குகள் கிளம்பின. 2018 ஏப்ரலில் குஜராத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. தலைவர் நீதிபதியாக இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. ஆனால் மூவரில் ஒருவராவது சட்டம் தெரிந்தவராக இருந்தே ஆக வேண்டும். அதாவது நீதித்துறைப் பதவியில் இருப்பவர், இருந்தவர், அல்லது உயர் நீதிமன்ற நீதிபதியாகவோ மாவட்ட நீதிபதியாகவோ நியமிக்கத் தகுதியுள்ள அனுபவம் வாய்ந்த வழக்கறிஞர். தகராறுகளைத் தீர்க்க உட்காரும்போது அவர் அமர்வில் இருக்க வேண்டும்.

2022இல் தமிழ்நாட்டு ஆணையத்தில் அந்த இடம் காலியாக இருந்தபோதுதான் கட்டண மனு வந்தது. நூற்பாலைகள் தரப்பு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. சட்ட உறுப்பினர் வரும்வரை இறுதி உத்தரவு போடக் கூடாது என்றார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை விலக்கியது. செப்டம்பர் 9ஆம் தேதி உத்தரவு வந்தது, 10ஆம் தேதி முதல் புதிய கட்டணம். காலியிடம் இருக்கிறது என்பதாலேயே ஆணையத்தின் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று 93ஆம் பிரிவு சொல்கிறது என்பது உண்மை. ஆனாலும், பதவிக்காலம் முடியும் தேதி முன்கூட்டியே தெரியும், ஆறு மாதம் முன்பே தேர்வுக் குழுவுக்கு எழுத வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, அவ்வளவு பெரிய கட்டண மனு வரும் நேரத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது சரியே இல்லை.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்றால், சட்ட உறுப்பினர் இடம் இன்று பின்னணி வரையறுக்கப்பட்ட ஒரே இடம். உயர் நீதிமன்ற நீதிபதிக்குப் பத்து வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும், மாவட்ட நீதிபதிக்கு ஏழு வருடம். மூன்று வருட எல்.எல்.பி. படித்து முடிக்கும்போது உங்களுக்கு 32 வயதாகும். மாவட்ட நீதிபதிக் கணக்கில் 39இலும், உயர் நீதிமன்றக் கணக்கில் 42இலும் காகிதத்தில் தகுதி வந்துவிடும். ஆனால் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. முதல் சில வருடங்கள் வருமானம் மிகக் குறைவாக இருக்கும், வீட்டில் அதைப் பேசி முடிவெடுங்கள்.

பட்டம் பற்றிய பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். என்னிடம் கேட்டால், இந்த நாற்காலிக்கு வேண்டிய உண்மையான பின்னணி, ஒரே ஒரு எண்ணை மூன்று விதமாகக் கேள்வி கேட்கத் தெரிவது. சொன்னால் புரியாது, ஒரு உதாரணம் காட்டுகிறேன்.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்ப்செட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. துணை மின் நிலையத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் வெளியே போனது என்று தெரியும். வீடு, கடை, ஆலைகளில் எவ்வளவு ஓடியது என்பதை மீட்டர் சொல்லும். மீதி இருப்பதை விவசாயம் என்றும் இழப்பு என்றும் பிரிக்க வேண்டும். இந்தப் பிரிப்பு முழுக்க ஒரு மதிப்பீடு. 5 ஹெச்.பி. மோட்டார் என்றால் 3.73 கிலோவாட். வருடத்துக்கு 1,000 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 3,730 யூனிட். 1,200 மணி நேரம் என்று வைத்தால் 4,476 யூனிட். வித்தியாசம் 746 யூனிட், பார்க்கச் சின்னதுதான். ஒரு பேச்சுக்கு 20 லட்சம் மோட்டாரும் 5 ஹெச்.பி. என்று கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 149 கோடி யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று போட்டால் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது.

அந்த 149 கோடி யூனிட்டை "இழப்பு" என்ற கட்டத்தில் எழுதினால், ஆணையம் அனுமதித்த அளவுக்கு மேல் போகும் இழப்பை மின்வாரியம் தன் தலையில் சுமக்க வேண்டும். "விவசாயம்" என்ற கட்டத்தில் எழுதினால் அரசு மானியமாகத் தர வேண்டும், அதாவது நம் வரிப்பணம். மனுவின் அட்டவணையில் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு அந்த எண் நகர்கிறது, வேறொன்றும் இல்லை.

இதைப் பார்த்ததும் பொறியாளர் கேட்க வேண்டியது: மாதிரி மீட்டர்களை எங்கே வைத்தீர்கள்? தஞ்சாவூர்ப் பக்கம் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணற்றில் தண்ணீர் மேலேயே கிடைக்கிறது, கோயம்புத்தூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி போகிறது. இரண்டுக்கும் ஒரே மணி நேரக் கணக்கா? கணக்குத் தெரிந்தவர் கேட்க வேண்டியது: போன வருடம் கேட்ட மானியத்தில் எவ்வளவு வந்தது, வராத பாக்கிக்குக் கடன் வாங்கினீர்களா, அந்த வட்டியை யார் கட்டுவது? சட்டம் தெரிந்தவர் கேட்க வேண்டியது: மானியத்தை அரசு முன்கூட்டியே தர வேண்டும் என்கிற 65ஆம் பிரிவு பின்பற்றப்பட்டதா? இந்த மதிப்பீட்டை ஏற்பதற்கான காரணம் உத்தரவில் எழுதப்பட்டிருக்கிறதா? காரணம் எழுதாத உத்தரவு தில்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்காது.

மூன்று கேள்விகளும் மூன்று பேரிடமிருந்து வரலாம், ஒரே ஆளிடமிருந்தும் வரலாம். நான் பார்த்த நல்ல உறுப்பினர்கள் தங்கள் படிப்புக்கு வெளியே உள்ள கேள்வியைக் கேட்டவர்கள்தான். கணக்குப் பின்னணியிலிருந்து வந்த ஒருவர் விசாரணையில் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இந்த ஃபீடரில் மீட்டர் எந்த மாதம் பழுதானது?" என்று கேட்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் தலைமைப் பொறியாளர்கள் அப்போதுதான் கோப்பைத் திறப்பார்கள்.

இதோடு சேர்ந்து இன்னொன்று வேண்டும், அதைப் பேசத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். தூரம். தான் ஒழுங்குபடுத்த வேண்டிய நிறுவனத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது. முப்பது வருடம் மின்வாரியத்தில் உழைத்தவருக்கு இருக்கும் அறிவு எனக்கும் உங்களுக்கும் வராது, அதை நான் மதிக்கிறேன். எந்த டிரான்ஸ்பார்மர் எங்கே சூடாகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட கொள்முதல் ஒப்பந்தமே நாளை அவர் முன்னால் வழக்காக வரலாம். எதிரே மனுதாரராக நிற்பவர் நேற்றுவரை அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். தலைமைச் செயலகத்திலிருந்து வருகிறவருக்கும் இதே சிக்கல் வேறு வடிவத்தில் உண்டு: அரசின் கொள்கையை நிறைவேற்றியே பழகியவர் அரசிடம் "மானியத்தை முதலில் கட்டுங்கள்" என்று எழுத வேண்டும். சிலர் எழுதியிருக்கிறார்கள். சட்டமும் அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத் தலைவரின் விசாரணை இல்லாமல் ஒரு உறுப்பினரை அரசு சும்மா நீக்கிவிட முடியாது. இருந்தாலும் தமிழ்நாட்டில் 1999இல் ஆணையம் அமைந்து, 2003 மார்ச்சில் முதல் கட்டண உத்தரவு வந்து, அடுத்தது வருவதற்கு 2010 ஆகிவிட்டது. நாடு முழுக்கவே இந்தத் தேக்கம் இருந்தது. கடைசியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே 2011 நவம்பரில் தலையிட்டு, நிறுவனங்கள் மனுப் போடாவிட்டாலும் ஆணையங்கள் தாமாகவே கட்டணத்தை ஆண்டுதோறும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வருடங்களில் ஆணையங்களில் அறிவுள்ளவர்களுக்குப் பஞ்சம் இல்லை. கேட்காமல் இருந்ததுதான் குறை. கட்டணம் உயராத வருடங்களில் நமக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்தக் கடன் வட்டியோடு சேர்ந்து 2022 போன்ற வருடங்களில் மொத்தமாக வந்து விடிகிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? எம்.பி.ஏ. இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உங்களுக்குப் பொறியியல் இருக்கிறது. குறைவது கணக்கும் சட்டமும். சட்டத்தை முறையாகப் படியுங்கள், கணக்கை வேலையிலேயே பழகுங்கள். உங்கள் சோலார் நிறுவனத்திலேயே ஆணைய விவகாரங்களைப் பார்க்கும் பிரிவு இருந்தால் அங்கே மாற்றிக் கேளுங்கள். காற்றாலை, ஆலைகள் தங்களுக்கென்றே மின்சாரம் எடுக்கும் கேப்டிவ், அதை மின்வாரியக் கம்பிகள் வழியே கொண்டுபோவதற்கான வீலிங் கட்டணம் என்று உங்கள் பகுதியில் இல்லாத தகராறா? மத்திய ஆணையமும் சில மாநில ஆணையங்களும் ஒப்பந்த அடிப்படையில் ஆய்வாளர்களை எடுக்கின்றன. அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள். ஆணையத்துக்கு உள்ளே இரண்டு வருடம் உட்கார்ந்து உத்தரவின் வரைவு எப்படி உருவாகிறது என்று பார்த்தவருக்கு வேறு எந்தப் படிப்பும் ஈடாகாது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் எரிசக்தி ஒழுங்குமுறைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அவர்கள் வெளியிடுவதைப் படிப்பது நல்லது.

இன்னொரு வழி, வாடிக்கையாளர் பக்கம் நிற்பது. 94ஆம் பிரிவில், நுகர்வோரின் நலனை எடுத்துச்சொல்ல ஆணையம் ஒருவரை அங்கீகரிக்கலாம் என்று இருக்கிறது. 87ஆம் பிரிவின்படி ஒரு மாநில ஆலோசனைக் குழுவும் உண்டு. 21 பேர் வரை இருக்கலாம். விவசாயம், தொழில், தொழிலாளர், நுகர்வோர், கல்வித் துறை எல்லாரும் அதில் இடம்பெற வேண்டும். உறுப்பினர் பதவி வருகிறதோ இல்லையோ, இந்த இரண்டு இடங்களுக்கும் நாற்பது வயதுக்குள் நீங்கள் வர முடியும். பல சமயம் உத்தரவைத் திருப்பிப் போடுவது மேடையில் இருப்பவர் அல்ல, கீழே இருந்து சரியான எண்ணைச் சுட்டிக்காட்டியவர்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். என்றாவது உங்கள் பெயர் தேர்வுக் குழு முன் வரும்போது பண நலன் பற்றிய கேள்வி வரும். சோலார் நிறுவனத்தில் உங்களுக்குப் பங்கு, கமிஷன், உறவினர் பெயரில் குத்தகை நிலம் என்று எதுவும் இல்லாமல் இப்போதிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. 2022இல் வந்த பல்லாண்டுக் கட்டண உத்தரவின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த காலத்துக்கான மனு வரும்போது அதைச் சுருக்கமாக நாளிதழ்களில் வெளியிட்டாக வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாளில் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். முழு மனுவும் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். எல்லாவற்றையும் படிக்கப் போகாதீர்கள், மூச்சு முட்டும். அப்பாவின் தீப்பெட்டி யூனிட் எந்தக் கட்டணப் பிரிவில் வருகிறது என்று அவருடைய மின் ரசீதில் பாருங்கள். அந்தப் பிரிவுக்கு ஒரு யூனிட் வழங்க என்ன செலவு என்று மனு சொல்கிறது, என்ன கட்டணம் கேட்கிறது, நிலைக்கட்டணம் எவ்வளவு ஏறுகிறது என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அப்புறம் விவசாய மதிப்பீட்டு அட்டவணைக்குப் போய் மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் அப்பா பெயரில் ஒரு ஆட்சேபமும் உங்கள் பெயரில் ஒரு ஆட்சேபமும் அனுப்புங்கள். எழுதியதை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி போடுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.